கழுத்து நீண்ட பித்தளைக் கூடுகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தப்பும் தவறுமாக எழுதிவிடுவேனோ என்ற பயம் ஒரு பக்கம். சாமி காரியத்தைக் குறை சொல்கிறாள் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் அதைவிடப் பெரியது. எழுதி எழுதி, விளக்குக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அப்புறம் நானே கிழித்தும் போட்டிருக்கிறேன்.

போன மாதம் போடிக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். கம்பத்தில் மோட்டார் கடை வைத்திருக்கிற ஒருவர் சுருளி மலையில் மானைச் சுட்டாராம், துப்பாக்கி பின்பக்கமாகத் திரும்பி அவர் கண்ணையே வாங்கிவிட்டதாம். மலைச்சாமியின் வேலையாம் அது. அவர்கள் பேசியது என் வீட்டுக்காரரைப் பற்றி. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "எழுதிரு. நடந்தது நடந்தபடி எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் மோட்டார் ரீவைண்டிங், அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுகிற வேலை பார்க்கிறவர். தோட்டத்துக் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் பள்ளத்தாக்கில் பாதிப்பேர் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். சுருளிப்பட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் உண்டு. அந்தக் காலத்தில் பன்றிக் காவலுக்கு என்று என் மாமனார் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த ரைபிள், அவருக்குப் பின் இவர் பேருக்கு மாறியது. இவர் எந்த உயிரையும் சுட்டதில்லை. ரைபிள் கிளப்பில் சேர்ந்து காகிதத்தில் அச்சடித்த வட்டங்களைச் சுடுவார், அவ்வளவுதான். அதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை.

அந்தத் துப்பாக்கிக்குக் கடையில் தோட்டா கிடைப்பது அரிது. ஆகவே சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை எடுத்து வந்து, மறுபடி மருந்தும் குண்டும் வைத்து அவரே அடைத்துக்கொள்வார். அதற்கு வேண்டிய அனுமதியும் முறையாக வாங்கியிருந்தார். வீட்டின் பின்னறையில் அதற்கென்று ஒரு மேஜை. அந்த மேஜையை யாரும் துடைக்கக்கூடக் கூடாது. எனக்கு அதில் ஒன்றும் புரியாது. ஆனால் காபி கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார், அப்படிக் காதில் விழுந்தது கொஞ்சம்.

தோட்டாக் கூடு பித்தளை. வெடிக்கும்போது சூட்டிலும் அழுத்தத்திலும் பித்தளை முன்பக்கமாக நீளுமாம். ஒவ்வொரு முறை சுடும்போதும், குண்டைப் பிடித்திருக்கிற அதன் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக வளரும். தலைமுடி வளர்வது மாதிரி, பார்த்தால் தெரியாது. வளர்ந்ததை அளந்து, டிரிம்மர் என்ற சின்னக் கைக்கருவியில் மாட்டி, வாய்ப்பக்கம் சீவி, பழைய நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். சீவாமல் விட்டால், துப்பாக்கிக்குள்ளே கூடு உட்காருகிற இடத்தின் எல்லையில் நீண்ட கழுத்து போய் முட்டி, குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குண்டு சட்டென்று விடுபட்டுப் போக முடியாது. போக வேண்டிய அழுத்தம் பின்னால் வரும். பின்னால் இருப்பது சுடுகிறவனின் முகம்.

இதை அவர் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால்தான் அளக்கிறேன் என்றார். கையைவிட அளவை நம்ப வேண்டும் என்பது அவர் கட்சி. டிஜிட்டல் வெர்னியர் ஒன்று வைத்திருந்தார், பறவை அலகு மாதிரி இரண்டு தாடை இருக்கும். தாடைகளை மூடி பொத்தானை அமுக்கினால் திரையில் பூஜ்யம் வரும். அப்புறம் திறந்து எதை இடையில் வைத்தாலும் அதன் நீளத்தைச் சொல்லிவிடும். வேலை தொடங்கும்போதெல்லாம் மூடுவார், பொத்தானை அமுக்குவார், அப்புறம்தான் அளப்பார். அது அவர் பழக்கம்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பட்டறைக்காரர்கள் வீட்டில் அது எவ்வளவு பெரிய நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சந்தனம் அரைத்துக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. கட்டியாக, விரலில் எடுத்தால் நிற்கிற பதத்தில் கேட்பார். சுற்று மெஷின், ஸ்பானர், மீட்டர், தராசு என்று ஒன்று விடாமல் அவரே கழுவி, துடைத்து, அவர் கையாலேயே பொட்டு வைப்பார். பின்னறை மேஜைச் சாமான்களுக்கும் அப்படித்தான். வெர்னியரை மூடி வைக்க மாட்டார். சாமி முன்னால் வாய் மூடி வைப்பது அவருக்குப் பிடிக்காது, கத்தரிக்கோலைக்கூட விரித்துத்தான் வைப்பார். தாடைகளைக் கொஞ்சம் விரித்து, இரண்டும் சேருகிற அடிப்பக்கத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார்.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. வைத்த பொட்டைத் துடைக்கக்கூடாது. வேலை செய்யச் செய்ய அது தானாக உதிர வேண்டும். அவர் தொழில் கற்றுக்கொண்ட கடையில் அப்படி ஒரு வழக்கமாம். தைப்பொங்கல் வரைக்கும் எங்கள் கடை ஸ்பானர்களில் மஞ்சள் கறை இருக்கும்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் தொழிலைத் தொட்டு வைக்க வேண்டும் என்று கடையைத் திறந்து ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றினார். சாயங்காலம் பின்னறையிலும் உட்கார்ந்தார். நான் காபி கொண்டுபோனபோது நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருந்தார்.

"டிரிம்மரு அதிகமாச் சீவுது. அளவு கம்மியாக் காட்டுது" என்றார்.

நான் என்னத்தைக் கண்டேன். சரி என்று தலையாட்டினேன். அவர் டிரிம்மரின் திருகைத் தளர்த்தி, இன்னும் கொஞ்சம் நீளமாக விட்டுச் சீவுகிற மாதிரி வைத்தார். மறுபடி அளந்தார். இப்போது திரையில் அவருக்கு வேண்டிய எண் வந்தது. முகம் தெளிந்துவிட்டது. அந்த அளவிலேயே எல்லாக் கூட்டையும் சீவி அடைத்தார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை குச்சனூர் சனி பகவான் கோயிலுக்குப் போய் எள் தீபம் போட்டோம். அவருடைய சேக்காளி ஒருவர், போடி பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர், அவரும் கிளப்பில் சுடுகிறவர், கோயில் வாசலுக்கே ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கெங்குவார்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் கிளப்பின் சுடுதளம். அன்றைக்கு என்னையும் வரச் சொன்னார்கள், போனேன். அந்தச் சேக்காளி சர்ச்சுக்குப் போகிறவர். என்னைத் தங்கச்சி என்பார், இவரை மாப்ள என்பார். வழியெல்லாம் கேலிதான்.

"எள்ளு வெளக்குப் போட்ட கையோட துப்பாக்கியத் தூக்குற. சனி பகவான் ஒனக்குத் தனியா வச்சிருக்காரு மாப்ள."

இவரும் விடவில்லை. "ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல தூங்குறவனுக்கு ஒங்க ஆண்டவரு என்ன வச்சிருக்காராம்?"

நான் சிரித்தேன். அதுதான் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து கவலையில்லாமல் சிரித்த கடைசிச் சிரிப்பு.

சுடுதளத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. கண்ணுக்குப் போடுகிற காப்புக் கண்ணாடி வேர்வையில் மங்குகிறது என்று இவர் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார். நான் பின்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். முதல் தோட்டாவை உள்ளே போட்டு, துப்பாக்கியின் பின்பக்கத்தை மூடுகிற கைப்பிடியை அழுத்தினார். வழக்கமாகச் சொகுசாக இறங்குகிற கைப்பிடி அன்றைக்கு மக்கர் செய்தது. உள்ளங்கையால் தட்டி இறக்கினார். சுட்டார். பலமாக உதைத்தது போலத் தோளைத் தேய்த்துக்கொண்டார்.

சேக்காளி சொன்னார்: "ஏறலேன்னா விட்ரு மாப்ள. நாளைக்குச் சுட்டா காகிதம் ஓடியா போயிரும்?"

"அளந்து வச்சதுப்பா. அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. புழுதி ஏறியிருக்கும்."

துணியால் துடைத்துவிட்டு அடுத்ததைப் போட்டார். மறுபடியும் தட்டித்தான் இறக்கினார்.

அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. எப்போதும் கேட்கிற வெடிச்சத்தம் மாதிரி இல்லை. மூடின இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து யாரோ உடைத்துக்கொண்டு வந்தது மாதிரி இருந்தது. துப்பாக்கியின் பின்பக்கத்திலிருந்து புகை பீறிட்டது. என் வீட்டுக்காரர் விழவில்லை, கத்தவும் இல்லை. மெதுவாகத் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. நான் எழுந்தேன். காதுக்குள் ஒரு ரீங்காரம் மட்டும் கேட்டது. சேக்காளிதான் ஓடினார்.

இவர் அப்போது சொன்ன முதல் வார்த்தை கண்ணைப் பற்றி இல்லை. "கேஸை எடுத்து வையி. கேஸு எப்படி இருக்குன்னு பாரு" என்றார்.

கேஸ் என்று அவர் சொன்னது தோட்டாக் கூட்டை, அது துப்பாக்கிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் கிழிந்திருந்தது.

மதுரைக்கு ஜீப்பில் போனோம். அவர் தலை என் மடியில். உசிலம்பட்டி தாண்டும்போது என் சேலைத் தலைப்பு முழுக்க நனைந்துவிட்டது. கந்த சஷ்டிக் கவசத்தை நான் தினமும் சொல்கிறவள், அன்றைக்கு நாலு வரிகூட வாயில் வரவில்லை. முருகா முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கண் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். வலது கண்ணுக்குள் பித்தளைத் தூள் போயிருக்கிறது, வெடிமருந்தின் சூடு சுட்டிருக்கிறது, கட்டைப் பிரித்தால்தான் பார்வை பற்றிச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அசையக்கூடாது என்று இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். போலீசில் இருந்து வந்து விசாரித்து எழுதிக்கொண்டு, துப்பாக்கியை எடுத்துப் போனார்கள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் பழம் கொடுத்துவிட்டுச் சும்மா போகவில்லை. என் நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரே அழுகை. "அப்பன் காலத்துல அந்தத் துப்பாக்கி தின்ன உசுரு எத்தன. மலைச்சாமி சும்மா விடுமா? பெரியவுக அன்னைக்கே சொன்னாக, அதத் தூக்கிப் போட்ருடான்னு" என்றாள். இன்னொருவர், கண் போகாமல் இருந்தால் அது வீரபாண்டி அம்மன் போட்ட பிச்சை என்றார். நானும் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக அங்கேயே நேர்ந்துகொண்டேன்.

எல்லாரும் போன பிறகு இவர் என்னைக் கூப்பிட்டார். கட்டுப் போட்ட முகம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்திருந்தது.

"நான் என்ன பாவம் செஞ்சேன்? யோசிச்சுப் பாத்துச் சொல்லு. அளவுல ஒரு கொறையும் இல்ல. கொறையில்லாம ஒண்ணு வெடிக்குதுன்னா, அது மேல இருந்து வந்ததுதான்."

அன்றிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. கஞ்சியை உதட்டருகில் கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொண்டார். தண்டனை என்று முடிவு செய்துவிட்டார். தண்டனை கொடுத்த இடத்தில் கண்ணைத் திருப்பிக் கேட்க அவருக்குத் தைரியமில்லை. கண் போவதற்கு முன்னால் மனுஷனே போய்விடுவாரோ என்று பயந்தேன்.

சேக்காளி வாசலோடு வந்து வாசலோடு போய்க்கொண்டிருந்தார். என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. ஜீப்பில் சொன்ன அந்தச் சனி பகவான் கேலி அவரை அறுத்துக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. ஒருநாள் என்னிடம் வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கினார். சீவி வைத்துப் பாக்கி இருக்கும் கூடுகளைப் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் வந்து, கொஞ்சம் வெளியே வாங்க தங்கச்சி என்றார். ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கைக்குட்டையில் சுற்றியிருந்ததை எடுத்தார். என் வீட்டுக்காரருடைய வெர்னியர்.

"கோவப்படாமக் கேக்கணும்" என்று தொடங்கினார். பின்னறையில் மிச்சம் இருந்த கூடுகளைத் தன் கடை வெர்னியரால் அளந்திருக்கிறார். எல்லாமே நீளம். இவருடைய வெர்னியரால் அளந்தால் எல்லாமே சரி. ஒரே கூட்டுக்கு இரண்டு அளவு எப்படி வரும் என்று அன்று முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

வெர்னியரை மூடி, வெயிலுக்கு நேராகப் பிடித்து என்னிடம் காட்டினார். மூடின தாடைகளுக்கு நடுவே நூல் மாதிரி வெளிச்சம் தெரிந்தது.

"அடியில பாருங்க" என்றார்.

பார்த்தேன். தாடைகள் சேருகிற மூலையில் மஞ்சளாக, பருப்புத் தோல் கனத்தில், கல் மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. அதில் ஒரு சிவப்புப் புள்ளி.

சந்தனம். குங்குமம். அரைத்துக் கொடுத்தவள் நான்.

சேக்காளி குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்தக் காய்ந்த சந்தனம் தடுத்ததால் தாடை முழுசாக மூடவில்லை. மூடிவிட்டதாக நினைத்து இவர் பொத்தானை அமுக்கியிருக்கிறார். அந்த இடைவெளியைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது கருவி. கூட்டை அளக்கும்போது தாடை நுனியில் வைத்துத்தான் அளப்பார், அங்கே சந்தனம் இல்லை. ஆகவே எந்தக் கூட்டை வைத்தாலும் அந்தக் கனத்தைக் கழித்துக்கொண்டு குறைவாகவே சொல்லியிருக்கிறது. டிரிம்மர் சரியாகத்தான் சீவியது. அதைத்தான் இவர் தளர்த்தினார். கழுத்து நீண்ட கூடுகளைச் சரியான கூடுகள் என்று நம்பி அடைத்தார்.

"மாப்ளைட்ட இத நான் சொன்னா, சர்ச்சுக்குப் போற வேதக்காரன் சந்தனத்தக் குத்தம் சொல்றான்னு ஆயிரும். நீங்க சொல்லுங்க. இல்ல, சொல்லாமக்கூட விட்ருங்க. ஆனா இனிமே இதுல யாரும் ஒண்ணையும் அளந்துறக் கூடாது தங்கச்சி."

சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனுஷன் டீக்கடை என்றும் பார்க்காமல் கண்ணைத் துடைத்தார்.

நான் அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறி ஆடை கட்டியது. சொன்னால், சாமிக்குச் செய்ததுதான் கண்ணைக் கெடுத்தது என்று மனசு ஒடிந்துபோவாரா? சொல்லாவிட்டால், சாமி தன்னைத் தண்டித்தது என்று பட்டினி கிடந்தே போவாரா? இரண்டில் எது பெரிய கொடுமை என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒன்றுதான் தோன்றியது. பொய்யான ஒரு பழியைச் சாமி மேல் போட்டுவிட்டு அதே சாமியிடம் போய் நான் எப்படிக் கண் கேட்பேன்?

உள்ளே போய், வெர்னியரை அவர் கையில் கொடுத்தேன். தொட்டவுடன் இன்னதென்று தெரிந்துகொண்டார். பழக்கத்தில் தாடையை மூடினார். கட்டு போட்ட கண்ணோடு, கட்டைவிரலை மெதுவாக விளிம்பில் ஓட்டினார். மூலைக்குப் போனதும் விரல் நின்றது. நகத்தால் சுரண்டினார். தூள் அவர் நெஞ்சில் உதிர்ந்தது. விரலை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார்.



"நான்தான் வச்சேன்" என்றார்.

"ஆமாங்க."

"டிரிம்மரு சரியாத்தான் சீவுச்சு."

"ஆமாங்க."

கட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது. அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், நான் பதறிப்போய்த் துண்டை எடுத்தேன்.

"அப்ப மலைச்சாமி இல்ல" என்றார்.

"இல்லைங்க. சாமி ஒண்ணும் செய்யல."

பெருமூச்சு விட்டார். அப்புறம், "கஞ்சி இருந்தா குடு" என்றார்.

கட்டுப் பிரித்த அன்று நானும் சேக்காளியும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். இடது கண் நன்றாகத் தெரிந்தது. அதை மூடிவிட்டு வலது கண்ணால் பார்க்கச் சொன்னார் டாக்டர். ஜன்னல் எங்கே என்று கேட்டார், இவர் காட்டினார். டாக்டர் கையை ஆட்டினார், ஆடுவது தெரிகிறது என்றார் இவர். எத்தனை விரல் என்று கேட்டபோது தெரியவில்லை என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பி, இதற்கு மேல் வருவது கஷ்டம் அம்மா என்றார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் சேக்காளி நின்ற பக்கம் திரும்பினார். "நீ நிக்கிறது தெரியுது மச்சான். மூஞ்சி மட்டும் தெரியல. முன்னைக்கு இப்ப நல்லாத்தான் இருக்க" என்றார். சேக்காளி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

நேர்ந்துகொண்டபடி வீரபாண்டிக்குப் போய்க் கண்மலர் சாத்தினேன். எதற்கு என்று நாத்தனார் கேட்டாள். ஒரு கண் மிச்சம் இருக்கிறதே அதற்கு என்றேன். விசாரணை முடிந்து திரும்பி வந்த துப்பாக்கியை இவர் லைசென்ஸோடு முறைப்படி ஒப்படைத்துவிட்டார். கடைக்குப் போகிறார், இடது கண்ணால் கம்பி சுற்றுகிறார். சுடுதளத்தின் பக்கம் மட்டும் போவதில்லை. அந்தப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். பூஜையை நாங்கள் விடவில்லை. அளக்கிற சாமான் எதுவானாலும் அதன் பெட்டிக்குப் பொட்டு வைக்கிறோம், அளக்கிற இடத்தைச் சுத்தமாக விடுகிறோம். அதனால் சாமிக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் பட்டறை இருக்கலாம், தராசு இருக்கலாம், மருந்து அளக்கிற கருவி இருக்கலாம். பக்தியில் கை வைக்கிற இடத்தைக் கொஞ்சம் பார்த்து வையுங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவர் பாவி என்று சொல்லாதீர்கள், அற்புதம் நடந்தது என்றும் சொல்லாதீர்கள். சந்தனம் பாவம் செய்தது என்று தயவுசெய்து சொல்லவே சொல்லாதீர்கள். நான் சொன்னது இங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே, வார்த்தை மாறாமல், அடுத்தவர் கையில் கொடுங்கள்.